சொல்லாமல் கொள்ளாமல் போகும் பார்வை



திருவொற்றியூரைப் பற்றிய பழங்கதை ஒன்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சுந்தரமூர்த்தி நாயனார் அவ்வூரில் சங்கிலியாரை மணந்தபோது, அவரைப் பிரிவதில்லை என்று மகிழ மரத்தடியில் சூளுரைத்தார். பின்னர்த் திருவாரூர் நினைவு மேலிடவே, சூளை மீறி ஊர் எல்லையைக் கடந்தார். கடந்த அப்பொழுதே அவருடைய இரு கண்களும் ஒளி இழந்தன என்று பெரிய புராணம் கூறுகிறது. காஞ்சியில் ஒரு கண்ணும், திருவாரூரில் மற்றொரு கண்ணும் மீண்டும் ஒளி பெற்றன என்பது கதையின் முடிவு.

அதே திருவொற்றியூரில் விஞ்ஞான ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். இக்கதையை மாணவர்க்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட நோய்க்கும் இக்கதைக்கும் இரண்டு வேற்றுமைகள் உண்டு. நாயனாருக்குப் பார்வை போனது உடனே தெரிந்தது. இந்நோயில் பார்வை போவது போகிறவருக்கே தெரிவதில்லை. நாயனாருக்குப் போன பார்வை திரும்பி வந்தது; இந்நோயில் போன பார்வை திரும்புவதில்லை. இவ்விரண்டையும் மனத்தில் இருத்திக்கொண்டால், நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்கு விளங்கிவிடும்.

அந்நோயின் பெயர் கிளாக்கோமா. தமிழில் அதனைக் கண்நீர் அழுத்த நோய் என்பர். கண்நீர் என்றதும் கன்னத்தில் வழியும் கண்ணீரை நினைத்துவிடாதீர்கள். இது கண்ணுக்குள்ளேயே ஊறி, கண்ணுக்குள்ளேயே வடியும் வேறொரு நீர். அதைப் பற்றிப் பின்னர்ச் சொல்வேன். முதலில் என் தமையனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் தமையனார் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். எண்ணூர் நெடுஞ்சாலையில் இருந்த தொழிற்சாலை ஒன்றில் லேத் இயந்திரத்தில் வேலை பார்த்தவர். மயிரிழை அளவு பிசகையும் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடுவார் என்று உடன் வேலை செய்தவர்கள் சொல்வார்கள். அவர் ஓய்வு பெற்றபின் அவரிடம் ஒரு மாறுதலைக் கண்டேன். பக்கத்தில் வைத்த காப்பித் தம்ளரைத் தட்டிவிடுவார். வாசற்படியில் இடறுவார். பேருந்து நிறுத்தத்தில் அருகில் நிற்பவர்மீது மோதிவிட்டு மன்னிப்புக் கேட்பார். "பார்த்து நடக்கக் கூடாதா, அண்ணா?" என்று ஓரிரு முறை கடிந்தும் கொண்டேன். கவனக் குறைவு என்றே எண்ணினேன். ஆயினும் ஐயம் தீரட்டும் என்று மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். அங்கே எழுத்துப் பலகையின் கடைசி வரியையும் தடையின்றிப் படித்தார். "பார்வை நன்றாக இருக்கிறது, படிப்பதற்கு மட்டும் கண்ணாடி போதும்" என்று சொல்லி அனுப்பினார்கள். நாங்களும் மகிழ்ச்சியோடு வீடு திரும்பினோம்.

மூன்று ஆண்டுகள் கழிந்தன. உறவினர் வீட்டுத் திருமணத்தில் மண்டபத்துப் படிகளிலிருந்து அவர் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கட்டுப் போட்ட மருத்துவர், எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார். "கடைசிப் படி இருந்ததே தெரியவில்லை" என்றார் என் தமையனார். அம்மருத்துவர் கூர்ந்த அறிவு உடையவர். கையைக் கவனித்ததோடு நில்லாமல் கண் மருத்துவரிடம் போகும்படி எழுதிக் கொடுத்தார்.

அங்கே உண்மை வெளிப்பட்டது. வலக்கண்ணில் நடுவே ஒரு சிறு வட்டம் நீங்கலாக மற்ற இடமெல்லாம் பார்வை அற்றுப் போயிருந்தது. இடக்கண்ணில் கீழ்ப்பாதி போயிருந்தது. எஞ்சிய நடுப் பார்வையைக் கொண்டே அவர் கடையில் எழுத்துகளைப் படித்திருக்கிறார்! என் தமையனார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மருந்து போட்டால் போனது திரும்புமா, டாக்டர்?" மருத்துவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "திரும்பாது ஐயா. இருப்பதைக் காப்பாற்றலாம்" என்றார்.

வீடு திரும்பும் வழியில் என் மனத்தைக் குத்திய எண்ணம் ஒன்று உண்டு. அதை விளக்க, ஒரு சிறு பரிசோதனையை நீங்களே செய்து பாருங்கள். வெள்ளைத் தாள் ஒன்றில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறியும், அதற்கு நேர் வலப்பக்கத்தில் 8 சென்டிமீட்டர் தள்ளி ஒரு சிறு கரும்புள்ளியும் இடுங்கள். இடக்கண்ணை மூடிக்கொண்டு, வலக்கண்ணால் கூட்டல் குறியை மட்டுமே நோக்குங்கள். தாளை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். முகத்திலிருந்து ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தொலைவில் கரும்புள்ளி மறைந்துவிடும். பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் உயிரணுக்கள் இல்லை. அதனால் அவ்விடம் குருடு. 17ஆம் நூற்றாண்டில் மாரியோட் என்னும் பிரெஞ்சு அறிஞர் இதனைக் கண்டு சொன்னார். புள்ளி மறைந்த இடத்தில் கறுப்பாக ஓட்டை ஏதும் தெரிகிறதா? இல்லை. வெறும் வெள்ளைத் தாள்தான் தெரிகிறது. சுற்றியுள்ள வெண்மையைக் கொண்டு மூளை அவ்விடத்தை நிரப்பிவிடுகிறது.

இப்பரிசோதனையை ஆண்டுதோறும் வகுப்பில் செய்து காட்டியவன் நான். கண்ணில் குருடான ஓர் இடம் இருந்தும் அது நமக்குத் தெரிவதில்லை என்று எத்தனையோ மாணவர்க்குக் கற்பித்தவன். அத்தகைய குருட்டிடம் என் தமையனாரின் கண்ணில் நாளுக்கு நாள் பரந்து வந்தபோது, கவனக் குறைவு என்று அவரைக் கடிந்துகொண்டேன். இதனால்தான் இன்று உங்களிடம் இதைப் பேச விரும்பினேன்.

இனி நோய் உண்டாகும் முறையைக் காண்போம். நம் கண்மணிக்கு முன்னும் பின்னும் தெளிந்த நீர் ஒன்று நிறைந்திருக்கிறது. நிமிடத்திற்கு ஏறத்தாழ 2 முதல் 2.5 மைக்ரோலிட்டர் வீதம் அது ஊறுகிறது. நாள் முழுவதும் ஊறுவதைச் சேர்த்தாலும் ஒரு தேக்கரண்டி நிரம்பாது. விழிவில்லைக்கும் கருவிழிக்கும் உணவு ஊட்டிவிட்டு, கண்ணின் முன்பக்க ஓரத்தில் உள்ள சல்லடை போன்ற திசுவின் வழியாக அது வடிந்து இரத்தத்தில் கலக்கிறது. எங்கள் பக்கத்துக் கொசத்தலை ஆற்றை எண்ணிப் பாருங்கள். அது எண்ணூர் முகத்துவாரத்தின் வழியே கடலில் கலக்கிறது. முகத்துவாரம் மணலால் தூர்ந்தால், வரும் நீர் குறையாதிருக்க, போகும் நீர் தடைபட்டு, உள்ளே மட்டம் உயரும். கண்ணிலும் வடிகால் அடைபட்டால் உள்ளழுத்தம் உயர்கிறது. அந்த அழுத்தம் கண்ணின் பின்புறத்தில் உள்ள பார்வை நரம்பை நசுக்குகிறது.

பார்வை நரம்பு என்பது ஒற்றை இழை அன்று. ஏறத்தாழ பத்து முதல் பன்னிரண்டு இலட்சம் நுண்ணிழைகள் சேர்ந்த வடம் அது. துறைமுகத்தில் கப்பலைக் கட்டும் பெரிய வடத்தைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு புரி அறுந்தாலும் கப்பல் நகர்ந்துவிடாது. கரையில் நிற்பவனுக்கு வேற்றுமை ஏதும் தெரியாது. பார்வை நரம்பிலும் அவ்வாறே. இழைகளில் கால் பங்கோ அதற்கு மேலோ அழிந்த பின்னரே பார்வைப் புலச் சோதனையில் குறை தென்படலாம் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. நோயாளி தாமே உணர்வதற்கு இன்னும் பல ஆண்டுகள் செல்லும். ஒரு கண்ணில் இல்லாத பகுதியை மற்றொரு கண் ஈடு செய்கிறது; இரண்டிலும் இல்லாததை மூளை இட்டு நிரப்புகிறது.

இந்நோயில் இரு பெரும் வகைகள் உண்டு. வடிகாலின் வாய் திறந்திருந்தும் சல்லடை சரியாக வேலை செய்யாமை ஒன்று. இதில் வலி இல்லை, சிவப்பு இல்லை, மங்கல் இல்லை. என் தமையனாருக்கு வந்தது இவ்வகையே. வடிகாலின் வாயே குறுகி மூடிக்கொள்ளுதல் மற்றொன்று. அது சிலருக்குத் திடீரென மூடிக்கொள்ளும்போது கடுங் கண்வலி, தலைவலி, வாந்தி ஆகியவை தோன்றும். விளக்கைச் சுற்றி வானவில் போன்ற வளையம் தெரியும். இதனைப் பித்த மயக்கம், ஒற்றைத் தலைவலி என்று எண்ணி நாள் கடத்தலாகாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இந்நோயின் வரலாற்றில் நம் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. எழும்பூரில் உள்ள அரசு கண் மருத்துவமனை 1819ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. 1805இல் லண்டனில் தோன்றிய மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனைக்கு அடுத்த தொன்மை உடையது என்று அதனைச் சொல்வர். அங்கே 1904 முதல் 1913 வரை தலைமை வகித்த ராபர்ட் ஹென்றி எலியட் என்பவர் இந்நோய்க்கு ஓர் அறுவை முறையை வகுத்தார். கருவிழியும் வெண்விழியும் கூடும் இடத்தில் நுண்ணிய வட்டத் துளையிட்டு, தேங்கிய நீர் வெளிப்படலத்தின் அடியில் வடிய வழி செய்தார். 1909ஆம் ஆண்டளவில் சென்னையில் பிறந்த இம்முறை உலகின் பல நாடுகளிலும் கையாளப்பட்டது. 1968இல் கெய்ர்ன்ஸ் என்பவர் வெளியிட்ட திருத்தமான முறை பின்னர் அதன் இடத்தைப் பெற்றது. ஆனால் எந்த அறுவையும் அழுத்தத்தைத்தான் குறைக்கும். அழிந்த இழைகளை அது மீட்டுத் தராது. ஆகவே நோயை எவ்வளவு முற்படக் காண்கிறோம் என்பதே பெரிய வினாவாக நிற்கிறது.

அவ்வினாவுக்கு விடையை என் கண்ணிலேயே கண்டேன். தமையனாரைச் சோதித்த மருத்துவர், "உடன் பிறந்தவர்களும் பிள்ளைகளும் கட்டாயம் சோதித்துக்கொள்ள வேண்டும், இந்நோய் குடும்பத்தில் தொடர்வது" என்றார். எனக்கு யாதொரு குறையும் இல்லை. செய்தித்தாளை எளிதாகப் படிக்கிறேன். இரவில் சைக்கிளும் ஓட்டுகிறேன். எனினும் அடுத்த வாரமே சென்றேன். என்னைச் சோதித்தவர் இந்நோயில் தனிப் பயிற்சி பெற்ற மருத்துவ அம்மையார்.

அவர் கருவியைத் தொடுமுன் கேள்விகள் கேட்டார். வீட்டில் யாருக்கு இந்நோய்? கண்ணில் எப்போதேனும் அடிபட்டதுண்டா? ஸ்டீராய்டு கலந்த மருந்து போட்டதுண்டா? ஆஸ்துமா உண்டா? கடைசிக் கேள்வி எதற்கு என்று வினவினேன். இந்நோய்க்கான சொட்டு மருந்துகளுள் சில ஆஸ்துமாக்காரருக்கு ஆகா என்று விளக்கினார்.

பிறகு அழுத்தம் அளந்தார். கண்ணை மரக்கச் செய்யும் மருந்தும் மஞ்சள் சாயமும் இட்டு, நீல ஒளியில், கருவிழியின்மேல் ஒரு சிறு முனையை மெல்லத் தொடச் செய்வது இம்முறை. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கோல்ட்மான் என்பவர் 1950களில் அமைத்த கருவி அது. எனக்கு வந்த அளவுகள் 18, 20. பாதரச மில்லிமீட்டரில் 10 முதல் 21 வரை பொதுவான அளவு என்று படித்திருந்தேன். "அப்படியானால் எனக்கு நோய் இல்லை அல்லவா?" என்றேன். அம்மையார் புன்னகை செய்து, "ஆசிரியர் ஐயா, ஒரு தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணை வைத்தா நீங்கள் மாணவனை எடை போடுவீர்கள்?" என்று கேட்டார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. கண்ணின் அழுத்தம் ஒரே நாளில் ஏறி இறங்கும். கருவிழி மெல்லியதாக இருந்தால் கருவி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். தடித்திருந்தால் கூட்டிக் காட்டும். கருவிழியின் நடுத் தடிமன் அரை மில்லிமீட்டரைச் சற்றே மிஞ்சுவது வழக்கம். எனக்கு அரை மில்லிமீட்டரும் இல்லை. அன்றியும், அழுத்தம் பொதுவான அளவில் இருக்கும்போதே இந்நோய் வருபவர் பலர். அழுத்தம் மிகுந்திருந்தும் நோய் வராதவரும் பலர்.

அடுத்து, சிறு கண்ணாடிகள் பதித்த வில்லை ஒன்றைக் கண்ணின்மேல் வைத்து, வடிகாலின் வாய் திறந்திருக்கிறதா என்று பார்த்தார். திறந்திருந்தது. பின்னர்க் கண்மணியை விரிக்கும் மருந்து இட்டு, கண்ணின் பின்புறத்தை நோக்கினார். உயிருள்ளவர் கண்ணின் உட்புறத்தைக் காண வழி செய்தவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், ஆண்டு 1851. பார்வை நரம்பின் தலைப்பகுதி வட்டமான ஒரு தட்டுப் போல் தெரியும். அத்தட்டின் நடுவே ஒரு குழி உண்டு. குழியைச் சுற்றிய வரம்பில்தான் நரம்பிழைகள் செல்கின்றன. இழைகள் அழிய அழிய வரம்பு மெலிந்து குழி அகலும். அம்மையார் என் இடக்கண்ணை நெடுநேரம் நோக்கினார். பிறகு தாளில் படம் வரைந்து காட்டினார். வரம்பின் கீழ்ப்புறத்தில் ஒரு சிறு பள்ளம். அதன் ஓரத்தில் கீற்றுப் போல ஓர் இரத்தக் கசிவு. நரம்பின் விளிம்பில் இத்தகைய கசிவு இந்நோயின் முக்கியமான அறிகுறிகளுள் ஒன்று. சில வாரங்களில் அது மறைந்துவிடும் என்றும், இருக்கும்போது கண்டது நல்லூழ் என்றும் சொன்னார்.

பின்னர்ப் பார்வைப் புலச் சோதனை. கிண்ணம் போன்ற ஒரு கருவிக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியையே நோக்கி இருக்க வேண்டும். அங்குமிங்கும் மின்மினி போல் ஒளி தோன்றும். தோன்றும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். தேர்வு எழுதும் மாணவனைப் போல் வியர்த்துப் போனேன். முடிவில் இரு கண்களிலும் குறை ஏதும் இல்லை என்று வந்தது.

இறுதியாக ஓ.சி.டி. என்னும் படக்கருவியின் முன் அமர்ந்தேன். 1991ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹுவாங், ஃபுஜிமோட்டோ முதலிய அறிஞர் குழுவினர் இம்முறையை உலகுக்கு அறிவித்தனர். இதன் தத்துவம் மாணவர்களாகிய உங்களுக்குச் சுவையாக இருக்கும். துறைமுகத்துக்கு வரும் கப்பல், தனக்குக் கீழே கடல் எவ்வளவு ஆழம் என்று அறிய, ஒலியை அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கிறது. ஓ.சி.டி. கருவி ஒலிக்குப் பதிலாக ஒளியை அனுப்புகிறது. ஆனால் ஒளி வினாடிக்கு மூன்று இலட்சம் கிலோமீட்டர் செல்வது. விழித்திரையின் ஓர் அடுக்கைக் கடந்து திரும்ப அதற்கு வினாடியின் இலட்சம் கோடியில் ஒரு பங்கே போதும். அதை அளக்கும் கடிகாரம் அக்கருவியில் இல்லை. ஆகவே அறிஞர்கள் ஓர் உபாயம் செய்தனர். ஒரே ஒளிக்கதிரை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கண்ணுக்கும் மற்றொன்றை ஒரு கண்ணாடிக்கும் அனுப்பினர். இரண்டும் திரும்பிவந்து கூடும்போது, சென்ற வழிகள் சம நீளம் உடையவையாக இருந்தால் மட்டுமே அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு விளைவு காட்டும். கண்ணாடி வழியின் நீளம் நமக்குத் தெரியும். அதைக் கொண்டு கண்ணுக்குள் எந்த ஆழத்திலிருந்து ஒளி திரும்பியது என்பது தெரிந்துவிடும். பௌதிக வகுப்பில் நீங்கள் படிக்கும் ஒளி அலைகளின் குறுக்கீடுதான் இங்கே நோய் காணப் பயன்படுகிறது.

இவ்வாறு, கத்தி படாமல், வலி இல்லாமல், சில வினாடிகளில் விழித்திரையின் குறுக்குவெட்டுப் படம் கிடைக்கிறது. பார்வை நரம்பைச் சுற்றியுள்ள இழைப் படலத்தின் சராசரித் தடிமன் நலமுள்ள கண்ணில் ஏறத்தாழ 100 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதில் ஐந்தாறு மைக்ரான் அளவான நுணுக்கத்தையும் பிரித்துக் காட்ட இக்கருவி வல்லது. அதே வயதினராகிய நலமுள்ள மக்களின் அளவோடு ஒப்பிட்டு, இயல்பானதைப் பச்சையாகவும், ஐயத்திற்குரியதை மஞ்சளாகவும், மெலிந்ததைச் சிவப்பாகவும் காட்டுகிறது. என் வலக்கண் பச்சை. இடக்கண்ணில் கீழ்ப்பகுதி மட்டும் சிவப்பு. அம்மையார் தம் கையால் வரைந்த படத்தில் எந்த இடத்தில் பள்ளம் காட்டினாரோ, சரியாக அதே இடம்.

ஆகவே கருவி ஒன்றே போதுமே, மருத்துவர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அன்று காத்திருந்தோர் வரிசையில் என் பழைய மாணவன் ஒருவனைக் கண்டேன். சிறுவயது முதல் தடித்த கண்ணாடி அணிபவன். வேறோர் இடத்தில் எடுத்த ஓ.சி.டி. படத்தில் பல இடங்கள் சிவந்திருக்கவே, பார்வை போய்விடும் என்று அஞ்சி நடுங்கிக்கொண்டு வந்திருந்தான். அம்மையார் அவன் கண்ணை நேரில் நோக்கி, நரம்பின் வரம்பு நலமாக இருப்பதைக் கண்டார். கிட்டப்பார்வை மிகுந்தவரின் கண் நீண்டிருக்கும். அதில் இழைகள் செல்லும் தடமும் சற்று மாறியிருக்கும். கருவி ஒப்பிடும் கணக்கில் அத்தகைய கண்கள் போதிய அளவு இல்லாமையால் சிவப்புக் காட்டிவிடுகிறது. ஆண்டுதோறும் வந்து காட்டினால் போதும் என்று சொல்லி அவனை அனுப்பினார். இதற்கு மாறாக, முழுதும் பச்சை காட்டிய கண்ணிலும் நோய் ஒளிந்திருப்பதுண்டு. கருவி அளவைத் தருகிறது. அந்த அளவு இந்த மனிதருக்கு, இந்த வயதில், இந்தக் குடும்பத்தில் என்ன பொருள்படும் என்பதை அறிபவர் பயின்ற மருத்துவரே.

என் கண்ணில் நோய் தொடங்கியிருப்பதாகவும், பார்வையில் இன்னும் யாதொரு இழப்பும் இல்லை என்றும் அம்மையார் சொன்னார். நாள்தோறும் இரவில் ஒரு சொட்டு மருந்து இட வேண்டும். சுவீடன் நாட்டு ஆய்வு ஒன்றைப் பற்றி அவர் சொன்னது என் மனத்தில் பதிந்தது. தொடக்க நிலையில் அழுத்தத்தை ஒரு மில்லிமீட்டர் குறைத்தாலும், நோய் முற்றும் வாய்ப்பு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைகிறது என்பது அதன் முடிவு. மருந்து தவிர லேசர் ஒளிச் சிகிச்சையும் உண்டு. இரண்டும் போதாதபோதுதான் அறுவை. நான் மருந்து இடத் தொடங்கி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. பார்வைப் புலச் சோதனையில் இன்றுவரை குறை தோன்றவில்லை.

என் தமையனாரும் நானும் ஒரே குடும்பத்தில் பிறந்தவர்கள். ஒரே நோயைப் பெற்றவர்கள். அவர் விழுந்த பின் சென்றார். நான் நலமாக இருக்கும்போதே சென்றேன். எங்கள் கண்களுக்கிடையே உள்ள வேற்றுமை இவ்வளவுதான்.

இது எங்கள் வீட்டுச் செய்தி மட்டும் அன்று. 2001ஆம் ஆண்டு முதல் சங்கர நேத்ராலயாவின் ஆராய்ச்சியாளர்கள் சென்னை நகரிலும், திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டச் சிற்றூர்களிலும் நாற்பது வயது கடந்தோரைச் சோதித்தனர். வடிகால் வாய் திறந்த வகை நோய் நகரத்தில் நூற்றுக்கு 3.5 பேரிடமும், சிற்றூர்களில் 1.6 பேரிடமும் காணப்பட்டது. அவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு மேற்பட்டவர், தமக்கு அந்நோய் இருப்பதை அதுவரை அறியாதவர்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்ட நூறு பேர் கூடியிருக்கும் ஒரு கல்யாணப் பந்தியை எண்ணிப் பாருங்கள். அதில் மூன்று நான்கு பேர் அறியாமலே பார்வையை இழந்துகொண்டிருக்கக் கூடும்.

இராயபுரம் முதல் எண்ணூர் வரை வாழும் மாணவர்களுக்குச் சிறப்பாகச் சில சொல்ல வேண்டும். உங்கள் தந்தையரும் தமையன்மாரும் பட்டறையிலும் ஆலையிலும் துறைமுகத்திலும் மீன்பிடி படகிலும் உழைப்பவர்கள். கண்ணில் பலமாக அடிபட்டு ஆறிய பின், பல ஆண்டுகள் கழித்து, அதே கண்ணில் இந்நோய் தோன்றுவதுண்டு. அடியினால் வடிகால் சிதைந்திருக்கும். அடிபட்டவர் ஆண்டுதோறும் கண்ணைக் காட்ட வேண்டும். வேலையில் காப்புக் கண்ணாடி அணிய வேண்டும். மேலும், தூசியாலும் வெல்டிங் ஒளியாலும் கண் சிவக்கும்போது, மருந்துக் கடையில் தாமே கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு விரைவில் தணியும். ஆனால் மாதக் கணக்கில் அதைத் தொடர்ந்தால், சிலருக்குக் கண்ணழுத்தம் உயர்ந்து நரம்பு அழியும். மருத்துவர் எழுதாத சொட்டு மருந்து கண்ணுக்குள் போகக் கூடாது.

நாற்பது வயது கடந்த ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் முழுச் சோதனை செய்துகொள்ள வேண்டும். பின்னர் மருத்துவர் குறிக்கும் கால இடைவெளியில் தொடர வேண்டும். குடும்பத்தில் நோய் உண்டெனில் அதற்கு முன்னரே தொடங்குதல் நலம். முழுச் சோதனை என்பதை அழுத்திச் சொல்கிறேன். எழுத்துப் பலகையைப் படிப்பது அதில் முதற்படி மட்டுமே. "அழுத்தம் பார்த்தீர்களா? நரம்பைப் பார்த்தீர்களா?" என்ற இரண்டு கேள்விகளை உங்கள் பெற்றோர் கேட்க வேண்டும். அவர்கள் கூசினால் உடன் செல்லும் நீங்கள் கேளுங்கள்.

என் தமையனார் இன்றும் எங்களோடு இருக்கிறார். எஞ்சிய பார்வை மருந்தின் துணையால் அவருக்கு நிலைத்திருக்கிறது. தெருவில் தனியே நடக்க முடியாது. ஆயினும் பேரப்பிள்ளையின் முகத்தை நேரே வைத்துப் பார்க்க முடிகிறது. ஒவ்வோர் இரவும் ஒன்பது மணிக்குத் தவறாமல் எனக்குத் தொலைபேசியில் பேசுகிறார். பேசுவது ஒரே வாக்கியம்தான்: "தம்பி, மருந்து போட்டாயா?"

இன்று வீட்டுக்குச் சென்றதும் நீங்களும் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள். கடைசியாக எப்போது கண்ணைச் சோதித்துக்கொண்டீர்கள் என்று கேளுங்கள்.